எண்ணுவது கடைசி வேலை: சிறு குழந்தைக்குச் சொல்லைத் தட்டிப் பிரிக்கப் பழக்குவது

கேள்வி சுருக்கமாக இது: நாலரை வயதுக் குழந்தை. ஒரு சொல்லைச் சொல்லி, கைதட்டிப் பிரித்து எத்தனை அசை என்று கேட்டால், ஒரு சொல்லுக்கு ஐந்து தட்டு தட்டுகிறது, அடுத்த சொல்லுக்கு ஒன்று. எண்ணிக்கை கேட்டால் வாய்க்கு வந்ததைச் சொல்கிறது. கைதட்டலைத் தவிர வேறு என்ன செய்து பழக்கலாம்? வீட்டில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம் என்பதுதான் குழப்பத்துக்குக் காரணமா?

பல வருடங்களாக மூன்று முதல் ஆறு வயதுக் குழந்தைகளோடு இதே வேலையைச் செய்துவருகிறேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: உங்கள் குழந்தையிடம் குறை எதுவும் எனக்குத் தெரியவில்லை. ஒரே மூச்சில் மூன்று வேலைகளைச் செய்யச் சொல்கிறோம். சொல்லைக் காதால் பிரிக்க வேண்டும், பிரித்த இடத்தில் கை தட்ட வேண்டும், தட்டியதை மனதில் எண்ணிக்கொண்டே வர வேண்டும். நமக்கு இது ஒரே வேலை போலத் தெரியும். நாலு வயதுக்கு அப்படி இல்லை. பத்து பொம்மைகளை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணும்போதே ஒன்றை விட்டுவிடுகிற வயது அது. கண்ணில் தெரியாத, சொன்ன கணமே மறைந்துபோகிற ஒலியை எண்ணச் சொன்னால் குழந்தை என்ன செய்யும்? நம் முகத்தைப் பார்த்து ஊகிக்கும்.

அதனால் நான் கைக்கொள்ளும் முறை ஒன்றுதான். பிரிப்பதையும் எண்ணுவதையும் தனித்தனியாக வையுங்கள். முதலில் பல நாள் பிரித்து விளையாடட்டும். "எத்தனை?" என்ற கேள்வியே வேண்டாம். அப்புறம், பிரித்தது கண்முன் நிற்கிற மாதிரி ஏதாவது ஒரு பொருளைக் கையில் கொடுங்கள். கல்லோ, கட்டையோ, களிமண் உருண்டையோ வரிசையாக நின்றுவிட்டால் எண்ணுவது தானாக வரும்.

வயதைப் பற்றி ஒரு தகவலும் இங்கே உதவும். 1974-இல் அமெரிக்காவில் இசபெல் லீபர்மன் என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும், ஆங்கிலம் பேசும் குழந்தைகள் கையில் சின்ன மரக்குச்சி ஒன்றைக் கொடுத்து, கேட்கும் சொல்லை மேசையில் தட்டிக் காட்டச் சொன்னார்கள். அசை அசையாகத் தட்டுவதில் 4 வயதினரில் 46 சதவீதம் பேரும், 5 வயதினரில் 48 சதவீதம் பேரும், 6 வயதினரில் 90 சதவீதம் பேரும் தேறினார்கள். அதையே ஒவ்வொரு தனி ஒலியாகப் பிரித்துத் தட்டச் சொன்னபோது, 4 வயதினரில் ஒருவர்கூடத் தேறவில்லை. 5 வயதில் 17 சதவீதம், 6 வயதில் 70 சதவீதம். நாலரை வயதில் பாதிக் குழந்தைகளுக்கு இது இன்னும் கைவரவில்லை என்பதையும், தனி ஒலியைவிட அசை எளிது என்பதையும் இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். அவசரப்பட ஒன்றும் இல்லை.

சரி, "அசை" என்ற சொல்லைப் பற்றி. யாப்பு படித்தவர்களுக்கு அசை என்றால் நேரும் நிரையும். அந்தக் கணக்கு வேறு. "மலர்" என்பது யாப்பில் ஒரே நிரையசை, ஆனால் குழந்தை தட்டினால் ம-லர் என்று இரண்டு வரும். "கரடி" யாப்பில் இரண்டு அசை, தட்டினால் க-ர-டி, மூன்று. இலக்கணம் தெரிந்த பெற்றோரே இந்த இடத்தில் குழம்பி, குழந்தை சரியாகத் தட்டியதைத் தவறு என்று திருத்தியதைப் பார்த்திருக்கிறேன். அதனால் இந்தப் பதில் முழுக்க "தட்டு" என்றே எழுதுகிறேன். குழந்தையிடமும் அப்படியே சொல்லலாம்.

தமிழில் ஒரு பெரிய வசதி இருக்கிறது. புள்ளி வைத்த எழுத்துக்குத் தனித் தட்டு கிடையாது, அது முன்னால் இருக்கிற எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். மற்ற எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு தட்டு. "பள்ளிக்கூடம்" என்பதில் ஏழு எழுத்து, அதில் மூன்று மெய். மீதி நான்கு. பள்-ளிக்-கூ-டம், நான்கு தட்டு. "பார்த்தான்" என்பதில் ஐந்து எழுத்து, மூன்று மெய். பார்த்-தான், இரண்டு தட்டு. குறில், நெடில் எதுவானாலும் ஒன்றுதான். இந்தக் கணக்கு உங்களுக்காக. குழந்தைக்கு இப்போது சொல்ல வேண்டாம், அதற்குக் காது போதும். நீங்கள் சந்தேகம் வரும்போது மனதுக்குள் சரிபார்த்துக்கொள்ள இது உதவும்.

இனி விளையாட்டுகள். எல்லாவற்றுக்கும் முன்னால், குழந்தை பிரிக்க வேண்டாம், நீங்கள் பிரியுங்கள். ஆமை பேசுகிற மாதிரி மெதுவாக "கண்... ணா... டி" என்று சொல்லி, ஆமை என்ன கேட்கிறது என்று கண்டுபிடித்து எடுத்துத் தரச் சொல்லுங்கள். "பூ... னை", "புத்... த... கம்", "சா... வி". பிரிந்ததைச் சேர்ப்பது, சேர்ந்ததைப் பிரிப்பதைவிடச் சுலபம். இரண்டு மூன்று நாள் இதை விளையாடினால் குழந்தையே ஆமையாகிவிடும். "அம்மா, இப்ப நான் ஆமை" என்று அது சொல்கிற நாளில் பாதி வேலை முடிந்தது என்று வைத்துக்கொள்ளலாம். சொல் என்பது துண்டுகளால் ஆனது என்பது அதற்குள் அதன் காதுக்குத் தெரிந்திருக்கும்.

அடுத்து உடம்பு. கைதட்டுவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. இரண்டு கையும் சேர வேண்டும், அந்த ஓசையே குழந்தைக்குப் பிடித்துப்போய் நிறுத்தாமல் தட்டிக்கொண்டே போகும். நீங்கள் சொன்ன ஐந்து தட்டு பெரும்பாலும் அப்படி வந்ததாகத்தான் இருக்கும். அதற்குப் பதிலாக ஒரே கையால் தொடையிலோ மேசையிலோ தட்டட்டும். இன்னும் நல்லது, ஒவ்வொரு தட்டுக்கும் உடம்பில் இடம் மாறுவது: "கு" என்று தலை, "தி" என்று தோள், "ரை" என்று முட்டி. கை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போயாக வேண்டும் என்பதால் வேகம் தானாகக் குறையும். தரையில் சாக்பீஸால் ஐந்தாறு கட்டம் போட்டுக் கட்டத்துக்கு ஒன்றாகக் குதிப்பதும் இதே காரணத்துக்காக நன்றாக வேலை செய்கிறது. குதித்து நிற்க ஒரு கணம் வேண்டும் இல்லையா, அந்த இடைவெளியில் அடுத்த துண்டு வாயில் தயாராகிவிடும். ஓடியாடுகிற குழந்தைக்கு மேசை வேலையைவிட இதுவே பொருத்தம்.

தாடைக்குக் கீழே கை வைத்துப் பார்ப்பது இன்னொரு வழி. புறங்கையைத் தாடையில் ஒட்டினாற்போல் வைத்துக்கொண்டு "தாத்தா" என்று சொல்லச் சொல்லுங்கள். இரண்டு முறை தாடை இறங்கிக் கையை இடிக்கும். உயிரொலி வரும்போதெல்லாம் வாய் திறக்கிறது, மெய் வரும்போது மூடுகிறது. அதனால்தான் புள்ளி எழுத்துக்குத் தனித் தட்டு இல்லை. உயிர், மெய் என்று நம் இலக்கணம் வைத்த பெயரைக் குழந்தை இங்கே தன் கையாலேயே தொட்டுப் பார்க்கிறது. எனக்கு இது ஒவ்வொரு முறையும் மகிழ்ச்சி தருகிற இடம். ஆனால் எல்லாச் சொல்லுக்கும் இது உதவாது. இகரமும் உகரமும் வரும்போது தாடை அவ்வளவாக இறங்காது. "துணி" என்று சொல்லிப் பாருங்கள், கையில் ஒன்றும் படாது. ஆகவே இதற்கு "வானம்", "மாமா", "காகம்", "ஆடை" போன்ற ஆகாரச் சொற்களை மட்டும் எடுங்கள். மற்றவற்றுக்கு வேறு வழி போகலாம்.

இப்போது நான் மிகவும் நம்புகிற பொருளுக்கு வருகிறேன்: கற்கள். பொத்தான், பாட்டில் மூடி, மரக்கட்டை எதுவானாலும் சரி, எல்லாம் ஒரே அளவில், வாயில் போட்டுக்கொள்ள முடியாத அளவுக்குப் பெரியதாக இருக்கட்டும். ஒரு நீள அட்டையில் வரிசையாகக் கட்டம் வரைந்துகொள்ளுங்கள். கற்கள் கீழே கிடக்கும். குழந்தை சொல்லின் ஒவ்வொரு துண்டையும் சொல்லும்போதே ஒரு கல்லைக் கட்டத்துக்குள் தள்ளும். எல்கோனின் என்ற சோவியத் உளவியலாளர் தனி ஒலிகளைப் பிரிக்கப் பயன்படுத்திய கட்டமும் வில்லையும்தான் இது. நாம் அதைத் தட்டுக்குப் பயன்படுத்துகிறோம், அவ்வளவே.

கைதட்டினால் ஓசை மறைந்துவிடும். கல் அங்கேயே இருக்கும். அதைத் திரும்பத் தொட்டுச் சொல்லலாம், தப்பாக இருந்தால் குழந்தையே கண்டுபிடிக்கலாம். "பந்து" என்ற சொல்லுக்கு மூன்று கல் தள்ளிய குழந்தையிடம் நான் தப்பு என்று சொல்வதில்லை. "சரி, இப்ப ஒவ்வொரு கல்லையும் தொட்டு அதோட பேரைச் சொல்லு" என்பேன். முதல் கல்லைத் தொட்டு "பந்" என்னும், இரண்டாவதைத் தொட்டு "து" என்னும், மூன்றாவதைத் தொடும்போது வாயில் சொல் மீதி இருக்காது. ஒரு கணம் விழிக்கும், அப்புறம் அந்தக் கல்லை எடுத்துக் கீழே வைக்கும். அந்த ஒரு கணத்துக்காகத்தான் இவ்வளவும். அது கற்றுத்தருகிற அளவுக்கு நம் திருத்தல் எதுவும் கற்றுத்தராது.

ஒரு நாள் நடந்ததைச் சொல்கிறேன். ஐந்து வயதுப் பையன். "பாம்பு" என்று சொல்லி இரண்டு கல்லைச் சரியாகத் தள்ளினான். உடனே முகம் சுருங்கியது. இன்னும் நாலு கல்லை எடுத்து அதே வரிசையில் நீளமாக அடுக்க ஆரம்பித்தான். ஏன் கண்ணா என்றேன். "பாம்பு நீளமா இருக்கும் டீச்சர்" என்றான். நான் ஒன்றும் சொல்லாமல் அடுத்த வரிசையைக் காட்டி, "எறும்புக்கு வை பார்ப்போம்" என்றேன். "எ... றும்... பு" என்று மூன்று வைத்தான். திரும்பப் பாம்பைத் தொட்டுச் சொல்லிப் பார்த்தான், பாம், பு. மீதி நாலு கல்லையும் தானே எடுத்துவிட்டு, இரண்டு வரிசையையும் மாறிமாறிப் பார்த்து, "எறும்புக்குப் பேரு மட்டும்தான் பெருசா?" என்று கேட்டான்.

சின்னக் குழந்தைக்குச் சொல்லும் பொருளும் ஒன்றுதான். யானை பெரியது, ஆகவே அதன் பேரும் பெரியதாக இருக்க வேண்டும். பேர் வேறு, ஆள் வேறு என்பது தானாகத் தெரிகிற விஷயம் இல்லை, யாராவது காட்ட வேண்டும். அதனால் சொற்களைத் தேர்ந்தெடுக்கும்போது வேண்டுமென்றே இப்படி ஜோடி சேருங்கள்: யானையும் பட்டாம்பூச்சியும், பாம்பும் எறும்பும், மலையும் கூழாங்கல்லும். கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கோபுரம் கட்டினால் இது இன்னும் பளிச்சென்று தெரியும். யானைக் கோபுரம் இரண்டு கட்டை உயரம்தான், பட்டாம்பூச்சி நான்கு. ஒட்டகச்சிவிங்கிக்கு ஒட்-ட-கச்-சி-விங்-கி என்று ஆறு கட்டை அடுக்கும்போது, உயரமான விலங்குக்கே உயரமான கோபுரம் என்று குழந்தைகள் கூத்தாடுவார்கள். அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

களிமண்ணிலும் இதைச் செய்யலாம். துண்டுக்கு ஒன்றாக உருண்டை பிடித்து வைத்துவிட்டு, சொல்லும்போது ஒவ்வொன்றாக விரலால் அமுக்கிச் சப்பையாக்க வேண்டும். விரல் வலிமைக்கும் நல்லது. கல்லைத் தள்ளும்போது வேகமெடுக்கிற குழந்தை இங்கே நிதானமாகும். படம் வெட்டுவதும் எனக்குப் பிடித்தது: குதிரைப் படத்தை மூன்று பட்டையாக வெட்டி, "கு", "தி", "ரை" என்று ஒவ்வொரு பட்டையாக வைக்க வைக்கக் குதிரை முழுதாகும். ஒரு பட்டை குறைந்தால் குதிரைக்கு வாலோ தலையோ இருக்காது. பிரிப்பதும் சேர்ப்பதும் ஒரே விளையாட்டில் வந்துவிடுகிறது. ஆனால் வெட்டி வைக்கிற வேலை பெரியவர்களுக்கு, அதனால் ஏழெட்டுப் படத்துக்கு மேல் தயார் செய்துகொண்டு சிரமப்பட வேண்டாம்.

எந்தச் சொல்லில் தொடங்குவது என்று பலரும் யோசிப்பதில்லை. ஒரு தட்டுச் சொல்தான் சுலபம் என்று "பூ", "கை" என்று ஆரம்பிக்கிறார்கள். அது சுலபம் இல்லை. பிரிக்கச் சொன்னால் குழந்தை எப்படியாவது பிரிக்கப் பார்க்கும், "பூ... ஊ" என்று இரண்டாக்கிவிடும். இரண்டு, மூன்று தட்டுச் சொற்களில் தொடங்குங்கள். மிகச் சிறந்த முதல் சொல் குழந்தையின் சொந்தப் பேர், அப்புறம் வீட்டில் உள்ளவர்களின் பேர். பிறகு கையில் எடுத்துக் காட்டக்கூடிய பொருள்கள்: சாவி, பந்து, சட்டை, பொம்மை, கண்ணாடி, புத்தகம், குதிரை பொம்மை, முதலை பொம்மை. அதன் பிறகு தலையணை, மிதிவண்டி, பட்டாம்பூச்சி, வண்ணத்துப்பூச்சி. ஒரு தட்டுச் சொற்களை நடுவில், மற்றவற்றோடு கலந்து கொடுங்கள். "யானை"க்கு இரண்டு கல் தள்ளிய கை "ஈ"க்கு ஒன்றோடு நிற்க வேண்டும். எங்கே நிறுத்துவது என்று தெரிவதும் இந்தத் திறனில் ஒரு பகுதி.

இப்போது அடிக்கடி வரும் மூன்று தடங்கல்கள். இவற்றில் இரண்டு பெரியவர்களால் வருபவை.

முதலாவது நெடில். "யா...ஆ...னை" என்று நாம் நீட்டிச் சொன்னால் குழந்தை மூன்று தட்டும். நெடிலுக்கு இரண்டு மாத்திரை, குறிலுக்கு ஒன்று, மெய்க்கு அரை என்று படித்திருப்போம். தொல்காப்பியம் அந்த மாத்திரையைக் கண் இமைக்கிற நேரம், விரல் நொடிக்கிற நேரம் என்று அளந்து சொல்கிறது. குழந்தையின் காது அந்த நீளத்தை உண்மையாகவே கேட்கிறது, அதனால் அது தட்டுகிறது. அது நல்ல காது. நீளம் வேறு, எண்ணிக்கை வேறு என்று காட்டினால் போதும். நெடிலுக்குக் கல்லை அட்டையில் நீளமாக இழுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள், குறிலுக்குச் சட்டென்று வைக்கச் சொல்லுங்கள். "யா" என்று ஒரு கல் நீளமாக வழுக்கிப் போகும், ஆனாலும் அது ஒரே கல்தான்.

இரண்டாவது, கடைசியில் வருகிற மெய். "மரம்" என்பதை நாம் எழுத்துக்கூட்டுவது போல ம, ர, ம் என்று உதிர்த்துவிடுகிறோம். குழந்தையும் மூன்று கல் வைக்கிறது. நம் மனதில் எழுத்து தெரிவதால் வருகிற பழக்கம் இது. எழுதப் படிக்கத் தெரியாத குழந்தைக்கு அது "ம-ரம்" தான். நீங்கள் பேசுகிற இயல்பிலேயே, கொஞ்சம் மெதுவாக மட்டும் சொல்லுங்கள்.

மூன்றாவது, பேச்சும் எழுத்தும். இதைத்தான் எல்லோரும் கவனிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். பயிற்சித்தாளில் கண்ணின் படம் இருக்கும், விடை ஒன்று என்று இருக்கும். குழந்தை "கண்ணு" என்று சொல்லி இரண்டு தட்டும். அதற்குச் சிவப்பு மையால் பெருக்கல் குறி போடுவார்கள். குழந்தை செய்தது முழுக்கச் சரி. அதன் வாயில் இருக்கிற சொல் "கண்ணு", கண்-ணு, இரண்டு. பல்லு, கல்லு, காலு, நாயி எல்லாம் இப்படித்தான். எழுத்துத் தமிழில் ஒன்று, பேச்சில் இரண்டு. நாம் சோதிப்பது குழந்தை தன் காதால் கேட்டதைப் பிரிக்கிறதா என்பதை. அது எந்தச் சொல்லைச் சொன்னது என்று முதலில் கேளுங்கள், பிறகு அந்தச் சொல்லுக்கு எத்தனை என்று பாருங்கள். ஆரம்பத்தில் இரண்டு வழக்கிலும் ஒரே எண்ணிக்கை வருகிற சொற்களாகத் தேர்ந்தெடுத்தால் இந்தச் சிக்கலே வராது: பூனை, பந்து, காது, மூக்கு, குதிரை, எறும்பு. குழந்தைக்கு ஐந்தரை ஆறு வயதாகி, கல் நன்றாகப் பழகியபின், "கண்" ஒரு கல், "கண்ணு" இரண்டு கல் என்று பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். புத்தகத்தில் இருக்கிற தமிழுக்கும் தான் பேசுகிற தமிழுக்கும் உள்ள வித்தியாசத்தை அது முதல்முறையாகக் கண்ணால் பார்க்கும்.

எண்ணிக்கைக்கு வருவோம். கற்கள் சரியாக நிற்க ஆரம்பித்த பிறகு, "இப்ப எண்ணலாமா?" என்று கேட்டுத் தொட்டு எண்ணட்டும். எண்ணி முடித்ததும் "அப்ப குதிரைக்கு எத்தனை?" என்று ஒரு முறை கேளுங்கள். சில குழந்தைகள் மறுபடி ஒன்றிலிருந்து எண்ணும். கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது அதற்கு இன்னும் பிடிபடவில்லை என்று பொருள். அது கணக்குப் பாடம், ஒலிப் பாடம் அல்ல. அதை வேறு நேரத்தில் பொம்மைகளோடு பழக்குங்கள். எண்ணிக்கை நிலைபெற்ற பிறகு பொருள் பிரிக்கும் விளையாட்டு வைக்கலாம். மூன்று பெட்டி, ஒன்றில் ஒரு புள்ளி, அடுத்ததில் இரண்டு, மூன்றாவதில் மூன்று. ஒரு துணிப்பைக்குள் சின்னப் பொருள்களைப் போட்டு, குழந்தை பார்க்காமல் கைவிட்டு எடுத்து, பேர் சொல்லி, கல் தள்ளி, உரிய பெட்டியில் போட வேண்டும். பைக்குள் கைவிடுகிற ஆவலே பத்து சொல்லுக்குக் குழந்தையை உட்கார வைக்கும்.

வகுப்பில் செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இருபது பேர் சேர்ந்து கைதட்டும்போது எல்லோரும் சரியாகத் தட்டுகிற மாதிரிதான் தெரியும். பாதிப் பேர் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து அரை நொடி தாமதமாகத் தட்டுவார்கள். யாருக்குத் தெரிகிறது, யாருக்குத் தெரியவில்லை என்று கைதட்டலில் கண்டுபிடிக்கவே முடியாது. ஆளுக்கு நாலு பாட்டில் மூடி கொடுத்துவிட்டால் ஒரு சுற்று நடந்து வருவதற்குள் தெரிந்துவிடும். நேரம் ஐந்து நிமிடம் போதும், ஆனால் தினமும் வேண்டும்.

கொஞ்சம் தேறிய குழந்தைக்கு, என் அனுபவத்தில் எல்லாவற்றையும்விடச் சுவையான விளையாட்டு கல்லை எடுத்துவிடுவது. "முதலை" என்று மூன்று கல் வையுங்கள். முதல் கல்லைத் தொட்டு "மு" என்று சொல்லி எடுத்து மறைத்துக்கொள்ளுங்கள். மீதி என்ன? "தலை!" குதிரையில் முதல் கல்லை எடுத்தால் "திரை". தவளையில் எடுத்தால் "வளை". கவிதையில் எடுத்தால் "விதை". நாற்காலியில் "நாற்" போனால் "காலி", அந்த நேரம் நாற்காலியும் காலியாக இருந்தால் குழந்தை விழுந்து விழுந்து சிரிக்கும். கரடியில் நடுக்கல்லை எடுத்தால் "கடி". இதற்காகவே செய்து வைத்தது போலத் தமிழில் இப்படி நிறையச் சொற்கள் இருக்கின்றன. இரண்டு மூன்று காட்டிவிட்டால் குழந்தைகளே தேட ஆரம்பிக்கிறார்கள், பொருள் வராத துண்டு கிடைத்தாலும் அதற்கும் சிரிக்கிறார்கள். எடுப்பது பிரிப்பதைவிடக் கடினம். முழுச் சொல்லையும் மனதில் பிடித்துவைத்துக்கொண்டு ஒரு துண்டை மட்டும் நீக்க வேண்டும். நாலு வயதில் வராவிட்டால் விட்டுவிடுங்கள், ஐந்தரைக்குமேல் மெதுவாக வரும்.

எழுத்து கற்கத் தொடங்கியதும் அந்தக் கல் அட்டையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கல்லுக்குக் கீழே எழுத்தை எழுதுங்கள். "பட்டாம்பூச்சி"க்கு நான்கு கல் நிற்கிறது, எழுத்தோ ஏழு. மிச்சம் மூன்று எழுத்து எங்கே உட்காரும் என்று குழந்தையே கேட்கும். ட், ம், ச் மூன்றையும் சின்னச் சின்ன அட்டையில் எழுதி முன் எழுத்தோடு ஒட்டிவிட்டால் பட்-டாம்-பூச்-சி என்று நான்கு குடும்பமாகிவிடும். புள்ளி எழுத்தை விட்டுவிட்டு எழுதுவது, "பட்டம்" என்பதைப் "படம்" என்று எழுதுவது, எல்லாம் முதல் வகுப்பில் நாம் தினமும் பார்ப்பவை. கல்லோடு பழகிய குழந்தை "பட்" என்ற துண்டின் முடிவில் ஏதோ அடைபடுகிறதே என்று காதால் உணரும். எழுதும்போது அங்கே ஒரு புள்ளி எழுத்தைத் தேடும்.

ஆங்கிலமும் தமிழும் கலப்பது பற்றிக் கேட்டிருந்தீர்கள். பயம் வேண்டாம். ஒலியைப் பிரிக்கிற திறன் ஒரு மொழியில் வந்துவிட்டால் அடுத்த மொழிக்கும் அது உதவியாகவே இருக்கும். வீட்டில் எந்த மொழி அதிகம் பேசுகிறீர்களோ அதில் தொடங்குங்கள். இரண்டிலும் புழங்குகிற சொற்களும் உண்டு, "பென்சில்" எங்கே சொன்னாலும் இரண்டுதான். ஓரிடத்தில் மட்டும் பொறுமை வேண்டும். "ஸ்கூல்" ஆங்கிலத்தில் ஒரே தட்டு. குழந்தை அதை "இஸ்கூல்" என்று சொன்னால் இரண்டு. "ஃபிலிம்" ஆங்கிலக்காரர் வாயில் ஒன்று, நம் வாயில் இரண்டு. கண்ணு விஷயத்தில் சொன்னதேதான் இங்கும்: அதன் வாயிலிருந்து வந்த சொல்லுக்கு அது சரியாகக் கல் வைத்ததா என்று பாருங்கள். உச்சரிப்பைப் பிறகு, வேறொரு நேரத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

கடைசியாக, எப்போது யோசிக்க வேண்டும் என்பது. ஆறு வயது தாண்டியும், சில மாதங்கள் இப்படி விளையாடிய பிறகும், "பந்து", "பூனை" போன்ற இரண்டு தட்டுச் சொல்லைக்கூடப் பிரிக்க வரவில்லை என்றால் முதலில் காதைப் பரிசோதிக்கச் சொல்வேன். அடிக்கடி சளியும் காதுவலியும் வருகிற குழந்தைகளுக்கு, கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் கேட்டாலும், சொல்லின் நுணுக்கம் தெளிவாகக் கேட்காமல் இருக்கலாம். கேட்டல் சரியாக இருந்து, பேச்சும் தெளிவில்லாமல் இருந்தால் பேச்சுப் பயிற்சியாளரிடம் காட்டுங்கள். உங்கள் குழந்தைக்கு நாலரை வயதுதான். இன்றைக்கு ஆமை விளையாட்டைத் தொடங்குங்கள், கற்களை அடுத்த வாரம் எடுக்கலாம்.